டெட்டால் வாசம் வந்த பீர்: ஒரு சங்கம் துப்புத்துலக்கிய கதை

வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் கூடும் எங்கள் சங்கக் கூட்டத்தில் மேசைக்கு அடியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். வாயில் வைத்த பீர் பிடிக்கவில்லை என்றால் மிச்சத்தை அதில் ஊற்றிவிடலாம். காய்ச்சியவர் முகம் சுளிக்கக் கூடாது. எழுதிவைக்காத விதி அது. நான் முதன்முதலாக என் பீரைக் கொண்டுபோன இரவில் அந்த வாளி வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிரம்பியது.

அந்த பீருக்கு என்ன கேடு, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சங்கத்துக்கும் எனக்கும் ஏழு மாதம் பிடித்தது. இடையில் ஒரு தவறான கணிப்பு, வீணாகத் தூக்கியெறிந்த ஒரு நொதிகலம், என் மாமியாரின் மூக்கு என்று பலவும் வந்துபோயின. இப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்து என்ன கண்டாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த ஒரே வழக்குதான். மருத்துவர் நோயாளியின் கதையை எழுதிவைப்பதுபோல இதை எழுதிவைக்கிறேன்.

பின்னணி

வட கலிஃபோர்னியாவில், வளைகுடாவை ஒட்டிய ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். வீட்டில் பீர் காய்ச்சுவோர் சங்கம் என்று தமிழில் சொன்னால் சென்னையில் இருக்கும் உறவினர்களுக்குப் போலீஸ் ஜீப்தான் நினைவுக்கு வருகிறது. ‘காய்ச்சுவது’ என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒட்டிக்கொண்ட வாடை அப்படி. பீரில் வடித்தெடுக்கும் வேலை எதுவும் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை, அதாவது மால்ட்டை, உடைத்து வெந்நீரில் ஊறவைத்து, இறுத்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் இரண்டு வாரத்தில் பீர். கெட்டுப்போகாமல் இருந்தால்.

இதற்கே அமெரிக்காவில் அனுமதி தாமதமாகத்தான் கிடைத்தது. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்துகொள்ள வழி பிறந்தது, பீர் விடுபட்டுப்போனது. கலிஃபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் சேர்த்த ஒரு திருத்தத்தோடு 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. மாநிலங்களின் சம்மதம் தனி: மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் இறங்கிவந்தன.

ஆனால் சங்கம் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வுட்லண்ட் ஹில்ஸில் மால்டோஸ் ஃபால்கன்ஸ் என்ற சங்கம் 1974-லேயே தொடங்கிவிட்டது. நாட்டிலேயே பழைய சங்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். அனுமதி இல்லாத ஒன்றைச் செய்பவர்கள் ஏன் வெளிப்படையாகப் பெயர் வைத்துக் கூடினார்கள் என்று முன்பு எனக்குப் புரிந்ததில்லை. செய்முறைக்கு ஒரு புத்தகம் போதும். தான் செய்ததை இன்னொருவர் குடித்துப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் புத்தகம் போதாது.

எங்கள் சங்கம் அவ்வளவு பழையது இல்லை. நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, யாராவது ஒருவருடைய கார் நிறுத்தும் கொட்டகையில் கூடுவோம். சந்தா ஆண்டுக்கு 30 டாலர். 55 பவுண்டு மால்ட் மூட்டையைப் பங்குபோட்டு வாங்கலாம். சங்கத்தின் பெரிய அண்டா, பிஹெச் மானி, மூடி அடிக்கும் கருவி எல்லாம் இரவல் கிடைக்கும். மே மாதம் முதல் சனிக்கிழமை எல்லோரும் ஒரே இடத்தில் அடுப்புகளை வரிசையாக வைத்துக் காய்ச்சுவோம். கார் ஓட்ட வேண்டியவர் யார் என்பதைக் கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பச்சை நிறப் பெயர் அட்டை.

நான் சேர்ந்தது, பொருள் வாங்கும் கடையில் ஒட்டியிருந்த ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து. முதல் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போனேன். எங்கே வேலை, எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. “என்ன ஈஸ்ட் பயன்படுத்துகிறீர்கள்?” என்றுதான் கேட்டார்கள். பதினோரு ஆண்டு அமெரிக்க வாழ்க்கையில், நான் எந்த ஊர்க்காரன் என்பது இரண்டாவது கேள்வியாகக்கூட வராத முதல் அறை அதுதான்.

நோயாளி

சேர்வதற்கு முன் இரண்டு முறை காய்ச்சியிருந்தேன். இரண்டுமே பெட்டியில் வரும் மால்ட் பாகு. அந்தப் பெட்டியின் குறிப்பில் சொன்னபடி கடைத் தண்ணீர் கேன் வாங்கிச் செய்தவை. பிரமாதம் என்று சொல்ல முடியாது, குறையும் இல்லை.

சங்கத்தில் சேர்ந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பாகை விட்டுவிட்டு முழுத் தானியத்துக்கு மாறினேன். பெரிய அண்டா, புது நொதிகலம், புதுக் குழாய். 5 காலன் பீருக்கு ஏறக்குறைய 8 காலன் தண்ணீர் தேவைப்பட்டது. அவ்வளவுக்கும் கேன் சுமக்க முதுகு இடம் கொடுக்காததால் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். இந்தக் கடைசி மாற்றத்தை நான் ஒரு மாற்றமாகவே எண்ணவில்லை. கதை முழுக்க அங்கேதான் இருந்தது.

பீர் ஒரு சாதாரண பேல் ஏல். 67 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறல், கேஸ்கேட் ஹாப்ஸ், உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.052 காட்டியது, முடிவில் 1.011. ஏறக்குறைய 5.4 விழுக்காடு ஆல்கஹால். எண்களைப் பார்த்தால் நோயே இல்லாத நோயாளி.

குடித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றே நினைத்தேன். இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

முதல் கணிப்பு

சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டுக்கொண்டால், பயிற்சி பெற்ற இருவர் உங்கள் பீரைப் போட்டியில் மதிப்பிடுவதுபோலவே மதிப்பிட்டு எழுதித்தருவார்கள். படிவம், 1985-இல் தொடங்கிய பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பினுடையது. மொத்தம் 50 மதிப்பெண்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பது எனக்குப் பிடித்தது. பெண் பார்க்கப் போகிறவர்களிடம் கொடுக்க வேண்டிய படிவம்.

எனக்குக் கிடைத்தது ஒருவரிடம் 22, இன்னொருவரிடம் 24. இருவருமே ‘ஃபீனால்’ என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள். ஒருவர் ‘மருந்து’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி இட்டிருந்தார்.

பிறகு விசாரணை. வட்டமாக நின்று ஏழெட்டுப் பேர் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். பாத்திரங்களை ப்ளீச் கொண்டு கழுவினீர்களா? இல்லை, ஸ்டார் சான் என்ற அமிலக் கிருமிநாசினி. நொதிக்கும்போது வெப்பம்? 19 டிகிரி. குழாய் புதிதா? புதிதாக வாங்கியதுதான், ஆனால் ஓர் உறுப்பினர் கொடுத்த பழைய துண்டும் இணைத்திருந்தேன். தண்ணீரிலிருந்து குளோரினை எடுத்துவிட்டீர்களா? ஆமாம், எடுத்துவிட்டேன்.

அந்தப் பழைய குழாய்த் துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். காட்டு ஈஸ்ட் ஏதோ அதில் குடியிருக்கிறது என்று முடிவாயிற்று. காட்டு ஈஸ்ட் பல வகை. அவற்றில் பல கிராம்பு, புகை, மருந்து என்று வாசனை தரக்கூடிய ஃபீனால்களை உண்டாக்கும். நியாயமான கணிப்புதான். நான் நொதிகலம், குழாய், உறிஞ்சுக்குழல் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்கினேன். 80 டாலருக்குச் சற்று மேல்.

இரண்டாம் முறையும் அதே வாசனை. மூன்றாம் முறை ஈஸ்ட் வகையை மாற்றினேன். அதே வாசனை என்று சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை என்பதால் ‘சொன்னார்கள்’ என்றுதான் எழுத முடியும்.

காட்டு ஈஸ்ட் என்ற கணிப்புக்கு எதிரான சாட்சிகள் கண்முன்னே கிடந்தன. காட்டு ஈஸ்ட் புகுந்திருந்தால் பாட்டிலில் மெதுவாக மிச்சச் சர்க்கரையைத் தின்றுகொண்டே போகும், அடர்த்தி 1.011-இல் நிற்காமல் இன்னும் இறங்கும். திறந்தால் நுரை பொங்கி வழியும். மூன்று மாதம் ஆகியும் என் பாட்டில்கள் சாதுவாக இருந்தன. ஈஸ்ட் சேர்க்காத சாற்றைச் சுத்தமான ஜாடியில் மூடி அறை வெப்பத்தில் வைத்துப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னபடி செய்தேன். அசுத்தம் இருந்தால் இரண்டு மூன்று நாளில் கலங்கிக் குமிழிவிட வேண்டும். நான்காம் நாளும் தெளிவாக இருந்தது. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் எங்கள் சங்கத்தில் உண்டு. அவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இது காட்டு ஈஸ்ட் போல நடந்துகொள்ளவில்லையே” என்று மட்டும் சொன்னார். வேறு என்ன என்று அவருக்கும் தோன்றவில்லை. எனக்கோ வெட்கம். அடுத்த இரண்டு கூட்டத்துக்குப் போகவில்லை. வேலை அதிகம் என்று செய்தி அனுப்பினேன்.

சொல் இல்லாத நாக்கு

போகாமல் இருந்த அந்தக் காலத்தில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சங்கத்தில் ஆண்டுக்கு ஒரு முறை பழுதுச் சுவைப் பயிற்சி நடக்கும். சுவை குறைவான கடை லாகர் பீரை வாங்கி, ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு பழுதைக் கலந்துவைப்பார்கள். வெண்ணெய் எசென்ஸ் சில துளி. ஓட்காவில் ஊறிய கிராம்பு. பச்சை பாட்டிலில் ஒரு நாள் வெயில் காய்ந்த பீர். சுவைத்துவிட்டுப் பெயர் சொல்ல வேண்டும்.

அதற்கென்று அவர்களிடம் ஒரு சொல்லகராதியே இருந்தது. டையசெட்டைல் என்றால் திரையரங்குப் பாப்கார்ன். அசெட்டால்டிஹைடு என்றால் பச்சை ஆப்பிள். பழையதான பீருக்கு ஈர அட்டைப்பெட்டி. பிரெட் என்ற காட்டு ஈஸ்டுக்குக் குதிரைப் போர்வை. குதிரைக்குப் போர்வை போர்த்துவார்கள் என்பதையே நான் அங்கேதான் அறிந்தேன். நான் வளர்ந்த தெருவில் குதிரை என்றால் கோயில் திருவிழா வாகனம். அதற்கு வாசனை கிடையாது, வார்னிஷ் வாசனையைத் தவிர.

என் பீரைப் பற்றி அவர்கள் சொன்ன சொல் ‘பேண்ட்-எய்ட்’. காயத்துக்கு ஒட்டும் அந்தப் பட்டையின் வாசனை. அமெரிக்கக் காய்ச்சுவோர் வட்டத்தில் இது பழகிப்போன சொல். கேட்டதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு பட்டையைப் பிரித்து மோந்தும் பார்த்தேன். என் சிறுவயதில் முழங்கால் சிராய்ப்புக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும்தான். பட்டையின் வாசனை என் மூளையில் எந்த அலமாரியிலும் இல்லை. ஆகவே பீரில் அதைத் தேடவும் எனக்குத் தெரியவில்லை.

வாழைப்பழ வாசனை வந்தபோது மட்டும் நான் முந்திக்கொண்டேன். அவர்கள் ‘வாழை’ என்று பொதுவாகச் சொன்னார்கள். அது மலைப்பழம் இல்லை, பூவன் இல்லை, நன்றாகக் கனிந்து தோல் கறுத்த ரஸ்தாளி என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிப் பயனில்லை என்பதால் சொல்லவில்லை.

சமையலறையில் ஒரு செவிலியர்

அந்தக் கோடையில் என் மாமியார் ஊரிலிருந்து வந்தார். அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு ஆண்டு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பீர் விவகாரம் அவருக்குத் தெரியக் கூடாது என்று நானும் மனைவியும் பேசிவைத்திருந்தோம். பாட்டில்களைக் கொட்டகையில் பழைய போர்வைக்கு அடியில் ஒளித்தேன். மருமகன் என்ற மரியாதையை ஒரு போர்வை எவ்வளவு நாள் காப்பாற்றும்? ஒரு காலை, அத்தை தூங்குகிறார் என்று நம்பி, மூன்றாம் முறை காய்ச்சியதன் மிச்சத்தைச் சமையலறைத் தொட்டியில் பாட்டில் பாட்டிலாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் வந்தது.

“மாப்பிள்ளை, டெட்டால் பாட்டில் எதுவும் உடைந்துவிட்டதா?”

திரும்பினேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. தொட்டிக்கு அருகில் வந்து, வார்டில் கழிகலத்தை மோந்து பார்க்கும் அதே நிதானத்தோடு குனிந்தார்.

“டெட்டால் இல்லை. ஆனால் அந்த இனம்தான். பிரசவ வார்டு கழுவிவிட்ட வராந்தா மாதிரி இருக்கிறது. இதையா குடிக்கிறீர்கள்?”

பீர்தான் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. “குடிப்பதென்றால் நல்லதாகச் செய்து குடியுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபிக்குப் பால் எடுக்கப் போனார்.

டெட்டால். பேண்ட்-எய்ட் என்ற சொல்லோடு ஏழு மாதம் முட்டிக்கொண்டிருந்த எனக்கு இந்தச் சொல் ஒரு நொடியில் கதவைத் திறந்தது. பாட்டிலின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கும் என்பது நினைவில் இருந்தது: குளோரோசைலினால். குளோரின் ஏறிய ஒரு ஃபீனால்.

தண்ணீர்

அடுத்த வியாழக்கிழமை போனேன். வாளிக்குப் பக்கத்தில் நின்றிருந்த வேதியியல் ஆசிரியரிடம், “பேண்ட்-எய்ட் இல்லை, டெட்டால்” என்றேன். டெட்டாலை அவர் பார்த்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவர் கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தார்.

“தண்ணீரிலிருந்து குளோரினை எடுத்துவிட்டதாகச் சொன்னீர்களே. எப்படி எடுத்தீர்கள்?”

எப்படி என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. முதல்நாள் இரவே அண்டாவில் பிடித்து, மூடாமல் வைத்துவிடுவேன் என்றேன். சென்னையில் லாரித் தண்ணீர் வந்த நாட்களில் வீட்டில் அப்படித்தான் செய்வோம். ப்ளீச்சிங் பவுடர் வாடை காலைக்குள் போய்விடும்.

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. கேலி இல்லை; தங்களையே நொந்துகொண்ட சிரிப்பு. எங்கள் பகுதிக் குடிநீரில் இருப்பது வெறும் குளோரின் இல்லை, குளோராமைன். குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்து உண்டாக்குவது. நீண்ட குழாய்ப் பாதையிலும் சிதையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே பல அமெரிக்க நகரங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. குடிப்பதற்குப் பாதுகாப்பானது, தண்ணீர் தருபவர்கள் மேல் குறை இல்லை. நிலைத்து நிற்பதுதான் அதன் வேலை என்பதால் ஓர் இரவு திறந்துவைத்தால் போகாது, கொதிக்கவைத்தாலும் சுலபத்தில் போகாது. வாற்கோதுமையின் உமியிலிருந்து வரும் ஃபீனால்களோடு அது சேரும்போது குளோரோஃபீனால் பிறக்கிறது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பலருடைய மூக்குக்குத் தெரிந்துவிடும் அளவுக்குக் காரமானது.

மீன் தொட்டி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். குளோராமைன் மீனைக் கொன்றுவிடும் என்பதால் அவர் தொட்டித் தண்ணீருக்கு ஒவ்வொரு முறையும் மருந்து சேர்ப்பவர். அத்தையிடம் பிறகு சொன்னபோது அவருக்கும் அது புதிதில்லை. டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் தண்ணீரில் குளோரின் இனம் எதுவும் மிஞ்சக் கூடாது என்று அங்கே தனியாகச் சோதிப்பார்களாம்.

அப்படியானால் முதல் விசாரணையில் இது எப்படித் தப்பியது? நான் பொய் சொல்லவில்லை. அவர்களும் கேட்க மறக்கவில்லை. ‘எடுத்துவிட்டீர்களா’ என்ற கேள்வியில் அவர்கள் மனத்தில் இருந்தது குளோராமைனை முறிக்கும் கேம்ப்டன் மாத்திரை. ‘எடுத்துவிட்டேன்’ என்ற பதிலில் என் மனத்தில் இருந்தது மொட்டைமாடி அண்டா. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசியிருக்கிறோம். படிவமும் உதவவில்லை. கிராம்பு, புகை, பிளாஸ்டிக், மருந்து எல்லாமே அதில் ஃபீனால் என்ற ஒரே கட்டத்துக்குள் அடக்கம். காட்டு ஈஸ்ட் தருவதும் அதே கட்டம், குளோராமைன் தருவதும் அதே கட்டம். இன்னொன்று: பாகிலிருந்து தானியத்துக்கு, சிறிய பாத்திரத்திலிருந்து அண்டாவுக்கு, கேனிலிருந்து குழாய்க்கு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். எது குற்றவாளி என்று பிரித்துப் பார்க்க வழியே வைக்கவில்லை. அந்த முதல் இரண்டு பெட்டி பீர் நன்றாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்லவும் இல்லை. பெட்டி பீர் காய்ச்சியதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

மூன்று கோப்பை

மருந்து எளிது. கேம்ப்டன் மாத்திரை என்பது மெட்டாபைசல்ஃபைட் உப்பு. ஒயின் செய்பவர்கள் பயன்படுத்துவது. ஒரு மாத்திரை 20 காலன் தண்ணீருக்குப் போதும். என் 8 காலனுக்கு அரை மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் குளோராமைன் முறிந்துவிடும். விலை சில காசு. என் 80 டாலர் குப்பைத்தொட்டியில் இருந்தது.

ஆனால் சங்கம் அதோடு விடவில்லை. ஒரு முறை தவறாகக் கணித்துவிட்டதால் இந்த முறை நிரூபித்தாக வேண்டும் என்று நின்றார்கள். இரண்டரைக் காலன் வீதம் சிறிய அளவில் இரண்டு பீர் காய்ச்சினோம். ஒரே மூட்டைத் தானியம், ஒரே ஹாப்ஸ் பொட்டலம், 11.5 கிராம் ஈஸ்ட் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பாதியாகப் பிரித்தோம். இரண்டும் என் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இரண்டும் ஓர் இரவு திறந்துவைத்தவை. ஒன்றில் மட்டும் மாத்திரைப் பொடி. இரண்டாவது அண்டாவைச் சங்கம் இரவல் கொடுத்தது. ஒரே அலமாரியில் அருகருகே நொதித்தன. ஐந்து வாரம் கழித்து பாட்டில்கள் தயார்.

சோதனை முக்கோண முறையில் நடந்தது. ஒவ்வொருவருக்கும் நிறம் தெரியாத மூன்று கோப்பை. இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது என்ற கேள்வி பிறகு. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால், பன்னிரண்டு பேரில் எட்டுப் பேராவது சரியாகச் சொன்னால்தான் உண்மையில் வேறுபாடு இருக்கிறது என்று ஏற்பது வழக்கம். பாதிப் பேருக்கு மாத்திரை பீர் இரண்டு கோப்பை, மீதிப் பேருக்கு ஒரு கோப்பை. கோப்பையின் அடியில் மூன்று இலக்க எண். எந்த எண் எது என்று தெரிந்த இருவர் அறையிலேயே இல்லை.

கொட்டகையில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. வழக்கமாக யாராவது தம் ஹாப்ஸ் கொடியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அன்று தண்ணீர் கொப்பளிக்கும் ஓசையும் பென்சில் கீறும் ஓசையும்தான்.

பன்னிரண்டில் பத்துப் பேர் சரியாகச் சொன்னார்கள். அந்தப் பத்தில் ஒன்பது பேருக்கு மாத்திரை போட்டது பிடித்திருந்தது. ஒருவர் மட்டும் மற்றதை விரும்பி, ‘பெல்ஜியச் சாயல்’ என்று எழுதியிருந்தார். அவரைப் பற்றி இன்றுவரை பேசிச் சிரிக்கிறோம். அவரும் விடாமல் வாதாடுகிறார்.

கணக்கில் சேராத பதின்மூன்றாவது ஆள் நான். எல்லோரும் முடித்தபின் எனக்கும் மூன்று கோப்பை வைத்தார்கள். ஏழு மாதம் இதே வாசனையின் பின்னால் ஓடியவன், வேதியியல் முழுவதும் இப்போது தெரிந்தவன், தேட வேண்டிய சொல்லும் கையில் இருப்பவன். நிதானமாக மோந்தேன், சுவைத்தேன், மறுபடி மோந்தேன். நடுக் கோப்பை என்றேன்.

தவறு.

வீட்டில் மனைவி வேறு வேறு நாளில் மூன்று முறை இதையே வைத்துப் பார்த்தார். ஒரு முறை சரி, இரு முறை தவறு. குருட்டாம்போக்குக்கு என்ன கிடைக்குமோ அதே. டையசெட்டைல் தெரியாத நாக்குகள் உண்டு என்று சங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். வெண்ணெய் ஜாடியை நீட்டினால் ‘தண்ணீரா?’ என்று கேட்கும் ஒரு நல்ல காய்ச்சுநர் எங்களிடமே இருக்கிறார். எனக்கு வாய்த்தது இது.

பின்தொடர்வு

சங்கம் தன் விசாரணைத் தாளை மாற்றியது. ‘குளோரினை எடுத்தீர்களா’ என்ற வரி போய்விட்டது. இப்போது இருப்பது: ‘தண்ணீர் எங்கிருந்து? அதில் என்ன சேர்த்தீர்கள், எவ்வளவு?’ அதன் கீழே இன்னொரு வரி: ‘கடைசியாக நன்றாக வந்த பீருக்கும் இதற்கும் இடையில் என்னென்ன மாறியது?’ புதிதாகச் சேர்பவர்களிடம் அந்தத் தாளோடு பேசும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் வந்த ஓர் இளைஞர் முதல் வரிக்கு ‘குழாய்’ என்று எழுதிவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். எந்த ஊர்க் குழாய் என்று கேட்டேன். எங்கள் கூட்டத்தில் ஊரைப் பற்றி எழும் ஒரே கேள்வி அதுதான்.

பேல் ஏலை அதன்பிறகு ஆறு முறை காய்ச்சிவிட்டேன். கடைசி மதிப்பீட்டில் 37. ஃபீனால் கட்டத்தில் குறி இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் பாட்டிலை நான் திறப்பதில்லை. வேதியியல் ஆசிரியர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். அவர் மாலையில் ஒரு வரியில் செய்தி அனுப்புவார்.

அத்தை ஊருக்குத் திரும்பி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியோடு பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார். மழை, மூட்டுவலி, பக்கத்து வீட்டுத் தகராறு எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

“மாப்பிள்ளை, அந்த ஆஸ்பத்திரி வாசனை போய்விட்டதா?”

“போய்விட்டது என்று சொல்கிறார்கள், அத்தை.”